ஐப்பசி அடுக்களை: குறுவைப் புதுநெல்லும் கொல்லைக் காயும்

தஞ்சாவூர்ச் சீமையில் அறுவடை என்றதும் எல்லோருக்கும் தை மாதம்தான் நினைவுக்கு வரும். சம்பா நெல், கரும்பு, மஞ்சள் கொத்து, பொங்கல் பானை. ஆனால் காவிரி டெல்டாவின் முதல் அறுப்பு அதற்கு மூன்று மாதம் முன்பே, புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நடந்து முடிந்துவிடுகிறது. அதுதான் குறுவை. அதற்கென்று தனிப் பண்டிகை கிடையாது. கதிர் முற்றும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் வந்து நிற்கும். சேற்றில் அறுத்து, ஈரத்தோடு தூக்கி வந்து, வெயில் முகம் பார்க்காத களத்தில் கொட்டும் நெல் இது. இந்த நெல்லும், ஆடிப்பட்டத்தில் போட்டுப் புரட்டாசியில் காய்க்கும் கொல்லைக் காய்களும் சேர்ந்து டெல்டா வீடுகளில் ஒரு தனிச் சமையலை உருவாக்கியிருந்தன. எதைப் பறித்த அன்றே உண்பது, எதை ஆறப்போட்டு உண்பது என்ற தெளிவுதான் அந்தச் சமையலின் உயிர். இன்று "ஃபிரெஷ்" என்ற ஒரே சொல்லால் எல்லா உணவையும் அளக்கப் பழகிவிட்ட நமக்கு அந்தத் தெளிவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் குறுவையின் கணக்கு. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறப்பது மரபு. 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணைதான் கோடையின் கடைசியில் ஆற்றில் தண்ணீர் வரும் என்ற உறுதியை டெல்டாவுக்குத் தந்தது. குறுவைக்கு 105 முதல் 120 நாள். சம்பா ரகங்களுக்கு அதைவிட ஒரு மாதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகத்தை வெளியிட்டது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம் ஜிஇபி 24-ஐயும் இணைத்து உருவாக்கியது அது. தஞ்சாவூர் மாவட்டத்தில் அப்போது தீவிர வேளாண் திட்டம் நடந்துகொண்டிருந்தது. உரமும் கடனும் விதையும் ஒன்றாக வந்தன. குறுவைப் பரப்பு விரிந்தது. பின்னாளில் ஆடுதுறை 36, 37, 43, 45 என்று வரிசையாக ரகங்கள் வந்தன.

விளைச்சல் கூடியது, ஈரமும் கூடவே வந்தது. குறுகிய கால ரகங்கள் பலவற்றில் விதையுறக்கம் குறைவு. அறுத்த கதிர் இரண்டு மூன்று நாள் நனைந்து கிடந்தால் அதிலேயே முளை எட்டிப் பார்க்கும். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும், அரிசி பழுப்பேறும், பூஞ்சை வாடை வரும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த நெல்லிலிருந்து பிறந்த நிறுவனம் அது என்பதைத் தஞ்சாவூரிலேயே பலர் அறியார்.

ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே வீடுகள் ஒரு வழி கண்டிருந்தன. அதுதான் நெல் அவித்தல். அண்டாவில் ஓர் இரவு ஊறிய நெல்லைக் காலையில் வடித்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, கொல்லையில் கல் கூட்டிய அடுப்பில் ஏற்றுவார்கள். விறகுக்குப் பதில் பெரும்பாலும் பதரும் உமியும் தென்னமட்டையும்தான். ஆவி சாக்கைத் தாண்டி எழும். அவித்த நெல்லுக்கென்றே உள்ள வாடை தெருக்கோடி வரை போகும். நெல்லின் மூக்கு லேசாகப் பிளந்து வெள்ளை தெரிந்தால் பதம். அதற்கு மேல் விட்டால் வாய் திறந்து சோறு வெளியே வந்துவிடும். பிறகு முற்றத்திலோ திண்ணையிலோ பரப்பி, கால் விரலால் கோடு கோடாகக் கிளறிவிட வேண்டும். அவித்த நெல் முளைக்காது, உள்ளே சூடு பிடிக்காது, வெயில் வரும்வரை சில நாள் பொறுக்கும். குத்தும்போதும் நொறுங்காது.

இதன் உள்வேலை இப்போது நன்றாகத் தெரிந்ததுதான். ஆவியில் அரிசியின் மாவுச்சத்து குழைந்து மறுபடி இறுகுவதால் மணியில் உள்ள வெடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தவிட்டெண்ணெயைக் கெடுக்கும் நொதியும் சூட்டில் செயலிழக்கிறது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய மெக்காரிசனும் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அரிசி உண்பவர்களின் ஊட்டத்தை ஆராய்ந்தார்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி நோய் பரவியிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. ஈர நெல்லைக் காப்பாற்றச் செய்த வேலை ஆட்களையும் காப்பாற்றியிருக்கிறது.

இங்கே ஒரு முரண் குறுக்கிடுகிறது. புதுநெல் வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் வசதியுள்ள வீடுகளில் அதை உடனே சோறாக்க மாட்டார்கள். "புது அரிசி குழையும், பழசை எடு" என்பதுதான் அடுக்களையின் கட்டளை. பத்தாயத்தில் குறைந்தது ஆறு மாதம் கிடந்த நெல்தான் அன்றாடச் சோற்றுக்கு. இது வெறும் பகட்டு இல்லை. புது அரிசியை வேகவைத்தால் மாவுச்சத்து தண்ணீரில் நிறையக் கரைந்து வடிகஞ்சி கொழகொழக்கும், பருக்கைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். மாதங்கள் போகப் போக அரிசியின் புரதங்கள் தமக்குள் இறுக்கமாகப் பிணைகின்றன. கொழுப்பு சிதைந்து வரும் அமிலங்கள் மாவுச்சத்தோடு சேர்ந்துகொள்கின்றன. மணி உறுதியாகிறது, அதிகத் தண்ணீர் குடிக்கிறது, உலையில் இரட்டிப்பாகப் பூக்கிறது, உதிரியாக விழுகிறது. குழம்பு ஊற்றிப் பிசைந்து உண்ணும் நமக்கு உதிரிச் சோறுதான் தோது. ஜப்பானில் நேர் எதிர். அறுத்த ஆண்டின் முடிவுக்குள் பொட்டலமிட்ட அரிசியைப் புது அரிசி என்று சிறப்பாக முத்திரையிட்டு விற்கிறார்கள், ஈரமும் ஒட்டும் தன்மையும் அங்கே மதிப்பு.

பழைய அரிசிக்கு இருந்த மதிப்பு ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. 1010-ஐ ஒட்டி எழுந்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளிலும் பிற சோழர் கல்வெட்டுகளிலும் இறைவனின் அமுதுக்குப் பழவரிசி என்று குறித்தே அளவு சொல்லியிருக்கிறார்கள். கூடவே கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது. காரத்துக்கு மிளகுதான். மிளகாய் போர்த்துகீசியர் வழியாக வந்து சேர இன்னும் ஐந்நூறு ஆண்டு இருந்தது. நிவந்தம் எழுதிய அதிகாரிகளுக்கு அரிசியின் வயது ஒரு செலவுக் கணக்கு. ஒரு நாழிப் பழவரிசி கொடுக்கும் சோறு ஒரு நாழிப் புதுவரிசி கொடுப்பதில்லை.

அப்படியானால் புது அரிசியைச் சோறாக உண்டவர்கள் யார்? கையிருப்பு இல்லாதவர்கள். டெல்டாவின் உணவு வரலாற்றை எழுதும்போது இதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. ஆடியில் நடவு முடிந்து குறுவை அறுப்பு வரும்வரை விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கு வேலையும் குறைவு, நெல்லும் குறைவு. களத்தில் மரக்கால் கணக்கில் கூலி நெல் அளந்து கொட்டிய அன்று மாலையே அது வறுபட்டு, குத்துப்பட்டு, கஞ்சியாக அடுப்பில் ஏறியது. பண்ணையாருக்குப் புது அரிசி பொங்கலன்று ஒரு நாள் இனிப்பு. பண்ணையாளுக்கு அது பசி தீர்ந்த முதல் நாள். அந்த மரக்கால் அளவுக்காகத்தான் டெல்டாவில் போராட்டங்கள் நடந்தன. 1948-இல் மாயவரம் ஒப்பந்தம், 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று படிப்படியாக உரிமைகள் எழுத்தில் ஏறின. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டதற்கும் பின்னணியில் இருந்தது கூலி நெல் உயர்வுக் கோரிக்கைதான். அடுத்த ஆண்டு கீழைத் தஞ்சைக்கென்றே நியாயக் கூலிச் சட்டம் வந்தது. புதுநெல்லின் மணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

குழையும் அரிசிக்குக் குழைவே நலம் என்ற பண்டங்கள் பல உண்டு. பயறு சேர்த்த கஞ்சி, அரிசியைப் பாலில் கரையவிடும் பாயசம், பச்சரிசி மாவில் கிண்டும் களி, கொழுக்கட்டை. இவற்றுக்குப் பழைய அரிசியைப் போட்டால் வறண்டு நிற்கும். புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும் என்பதையும், முதல் கொதியிலேயே தீயைத் தணிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் பலர் அதைக் குறை சொல்கிறார்கள்.

அவல்தான் என் பார்வையில் குறுவைப் புதுநெல்லின் தலைசிறந்த உருவம். நெல்லை ஓர் இரவு ஊறவைத்து வடித்து, கனத்த இரும்புச் சட்டியில் ஒரு கை அளவாகப் போட்டு வறுப்பார்கள். ஈரம் படபடவென்று வெடிக்கும். நாலைந்து நெல் பொரியத் தொடங்கியதும் அப்படியே உரலில் தட்டி, சூடு ஆறுவதற்குள் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட வேண்டும். ஆறிவிட்டால் அரிசி தட்டையாகாது, நொய்யாகிவிடும். முறத்தில் புடைத்து உமியைத் தள்ளினால் இளம்பச்சை படிந்த கனத்த அவல் கையில் இருக்கும். வெல்லமும் துருவிய தேங்காயும் போதும், வேறு எதுவும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் காகிதம் போன்ற அவலைத் தின்று வளர்ந்தவர்கள் இதை ஒருமுறை தின்றால் பேச்சே மாறிவிடும். நன்கு காய்ந்த நெல்லைச் சுடுமணலில் போட்டால் பொரி. குறுவை நெல் காய்ந்து கார்த்திகை தீபம் வரும்போது நெற்பொரியும் அவற்பொரியும் வெல்லப்பாகில் உருண்டையாவது தற்செயல் அல்ல. களஞ்சியக் கணக்கும் பஞ்சாங்கக் கணக்கும் ஒன்றாக ஓடியிருக்கின்றன.

ஆடுதுறை 37 குட்டையான, பருத்த மணி. சோற்றுக்கு அதை விரும்புவோர் குறைவு. ஆனால் அதன் புழுங்கல்தான் இட்லி குண்டு என்று கடைகளில் விற்கிறது. சன்ன அரிசிக்கு ஏங்கும் ஊரில் குறுவையின் குண்டு நெல் சத்தமில்லாமல் தமிழ்நாட்டின் காலைச் சாப்பாடாகிவிட்டது. அதனுடன் அரைபடும் உளுந்தும் அதே வயலின் பிள்ளைதான். சம்பா, தாளடி (குறுவைக்குப் பின் நடும் இரண்டாம் போகம்) அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் காயாத வயலில், நிற்கும் நெல்லுக்கு ஊடாகவே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். ஆக ஐப்பசியில் ஊற்றும் இட்லியில் புது அரிசியும், போன பங்குனியின் பழைய உளுந்தும் சந்திக்கின்றன.

இனி காய். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியின் பலன் கைக்கு வருவது புரட்டாசியில். வேலியிலும் கூரையிலும் பந்தலிலும் புடல், பீர்க்கு, பாகல், சுரை, பரங்கி. கொல்லையில் வெண்டை, கொத்தவரை, கத்தரி. கொள்ளிடக்கரைப் படுகைகளிலும் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கமும் வாழை. வாய்க்கால் ஓரத்தில் சேப்பங்கிழங்கு. இவற்றில் பீர்க்கும் கீரையும் வாழைப்பூவும் பறித்த அன்றே அடுப்பேற வேண்டியவை. வாழைப்பூ ஆய்ந்த உடனே மோர் கலந்த தண்ணீரில் விழாவிட்டால் கறுத்துவிடும்.

கருணையின் கதை வேறு. தோண்டிய கையோடு சமைத்தால் தொண்டை நமைக்கும். அதில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். பிடிகருணையை வாங்கி வந்து பரண் மூலையில் சில வாரம் போட்டு வைப்பார்கள். பிறகு அரிசி களைந்த கழுநீரில் புளியிலையோ புளியோ சேர்த்து வேகவைத்து, தோலுரித்து, மசித்து, எலுமிச்சை பிழிந்து இறக்குவார்கள். அரிசிக்கு இருக்கும் அதே பொறுமை கிழங்குக்கும். அரிசியைக் களைந்த தண்ணீரே கிழங்கின் மருந்தாவதையும் கவனியுங்கள். அடுக்களையில் எதுவும் தனித்தனியாக நடக்கவில்லை.

நாட்டுக் காய்களின் பழைய பட்டியலைத் தேடுகிறவர்களுக்குச் சமையல் புத்தகங்களைவிடப் புரட்டாசி மாதமே நல்ல ஆவணம். மகாளய பட்சத்தில் வைதிக வீடுகளில் நடக்கும் திவசச் சமையலில் வாழைக்காய், சேப்பங்கிழங்கு, சேனை, புடல், பாகல், அவரை, பயற்றங்காய், மா இஞ்சி, பிரண்டைத் துவையல், எள், பயறு போன்றவையே இடம்பெறும். மிளகாய் கிடையாது, மிளகும் சீரகமும்தான். உருளை, தக்காளி, காரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் "இங்கிலீஷ் காய்" என்று விலக்கப்படும். கல்வெட்டுகள் காட்டும் மிளகுச் சமையல் மாறாமல் தங்கியிருக்கும் இடம் இது. ஆனாலும் இந்தப் பட்டியலை முழுத் தூய்மை என்று எண்ணிவிடக் கூடாது. பல வீடுகளில் அனுமதி பெற்ற சர்க்கரைவள்ளி அமெரிக்கக் கண்டத்துக்காரன். வந்தவர்களில் சிலர் வீட்டாராகிவிடுகிறார்கள், சமையல் அப்படித்தான் வளரும். தஞ்சை மராத்தியர் காலத்தில் சரபோஜி மன்னர் பெயரால் தொகுத்த சரபேந்திர பாக சாஸ்திரம் என்ற சுவடி சரசுவதி மகாலில் இருப்பதும், அவர்கள் வழி வந்த கத்தரிக்காய் ரசவாங்கி தஞ்சாவூர் வீடுகளின் அன்றாடப் பண்டமாகிவிட்டதும் இதையே காட்டுகின்றன.

ஐப்பசிப் பௌர்ணமியன்று பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் பதின்மூன்று அடிக்கும் மேற்பட்ட லிங்கத் திருமேனி முழுக்கச் சோறும், அதன்மேல் காய்கறியும். குறுவை அறுப்பும் கொல்லைக் காயும் ஒன்றாகக் கைக்கு வரும் நாள் அது.

கோயில் பட்டியலில் இல்லாத உணவும் வயலில் இருந்தது. வரப்பு வளையில் நண்டு, சேற்றில் நத்தை, வாய்க்காலில் கெண்டை, கெளுத்தி, விரால். நண்டை இடித்துப் பிழிந்து மிளகு போட்டு வைக்கும் ரசம் மழைச் சளிக்கு மருந்து என்பது கூலிக் குடியிருப்புகளின் அறிவு. விலை கொடுக்காமல் கிடைத்த புரதம் அதுதான். குறுவையை விரித்த அதே காலம் வயலுக்குள் பூச்சிமருந்தையும் கொண்டுவந்தது. விளைச்சல் கூடிய மூட்டைகளை எண்ணினோம், காணாமல்போன நண்டை யாரும் எண்ணவில்லை. ஏழை வீட்டு அடுப்புக்கு அது பெரிய இழப்பு.

இன்றைய நிலைமை என்ன? பெல்ட் மிஷின் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் அளவுக்கு அறுத்துத் தள்ளிவிடுகிறது. நெல் வீட்டுக்கு வராமல் நேராக நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே 17 சதவீத ஈரப்பத வரம்பு. ஐப்பசியில் அந்த வரம்புக்குள் நெல்லைக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒவ்வோர் ஆண்டும் 22 சதவீதம் வரை தளர்த்தக் கேட்டு டெல்டா விவசாயிகள் குரல் எழுப்புகிறார்கள், சாலையோரம் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்த படங்கள் செய்தித்தாளில் வருகின்றன. நெல்லை விற்ற கையோடு அதே விவசாயி கடையில் அரிசி வாங்குகிறார். பத்தாயங்கள் விறகாகவும் பழம்பொருளாகவும் போய்விட்டன. காய் ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வருகிறது. தண்ணீரும் உறுதியில்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. அத்தகைய ஆண்டுகளில் மோட்டார் வைத்திருப்பவருக்கு மட்டுமே குறுவை.

மீட்பு முயற்சிகளும் உண்டு. திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட மரபு ரகங்கள் உழவர் கைக்குத் திரும்பின. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார், விதைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதில் அறுபதாம் குறுவை, கருங்குறுவை, பூங்கார் போன்ற குறுகிய கால ரகங்கள் இருக்கும்போது, ஊடகப் பேச்சு முழுக்க மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் சுற்றியே நிற்பது எனக்குக் குறையாகப் படுகிறது. மரபு நெல் விலையுயர்ந்த மருந்துப் பொட்டலமாகிவிட்டால் அன்றாட அடுப்பில் அது ஏறாது.

டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குறுவையில் கொள்முதலுக்கு ஏற்றும் முன் 60 கிலோ மூட்டை இரண்டை வீட்டுக்கு நிறுத்துங்கள். ஒன்றை அவித்து இட்லிக்கு வையுங்கள். இன்னொன்றைக் காயவைத்து அடுத்த சித்திரை வரை தொடாதீர்கள், அதன் சோற்றை அப்போது சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை நெல் சுமார் 38 கிலோ அரிசி தரும். அறுத்துக் கொடுத்தவருக்கும் ஒரு மரக்கால் அளந்து கொடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் அரிசிக் கடையில் விலையை மட்டும் கேட்காமல், இது எந்தப் பட்டத்து நெல், அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். நாலு பேர் விடாமல் கேட்டால் கடைக்காரர் ஆலையில் கேட்பார், ஆலைக்காரர் மூட்டையில் எழுதி வைப்பார்.